தோள்சீலை: தென்திருவிதாங்கூரில் உடையும் தரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசின் தென்கோடியில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய பகுதிகளில், ஒருவர் எதை உடுத்தலாம், எந்த உலோகத்தை அணியலாம் என்பவற்றை அவருடைய வசதியும் விருப்பமும் தீர்மானிக்கவில்லை. பிறந்த சாதியைக் கொண்டு வழக்கம் அவற்றை வரையறுத்தது, அந்த வழக்கத்துக்கு அரசு காவலாக நின்றது. பனையேற்றத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்களும், அக்கால ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்பட்டு இன்று நாடார் என அறியப்படுபவர்களுமான மக்கள் குடை பிடிக்கவும், செருப்பு அணியவும், பொன்னகை பூணவும் தடை இருந்தது. அவர்களுடைய பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. இடுப்புக்கு மேலே துணி போடவும் கூடாது. இந்தக் கடைசித் தடையை எதிர்த்து எழுந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விட்டு விட்டு நீடித்த போராட்டமே தோள்சீலைப் போராட்டம் என்று வரலாற்றில் பெயர் பெற்றது.

அந்தத் தடையின் உட்பொருளை இன்றைய நாண உணர்வை மட்டும் கொண்டு அளந்தால் பாதிதான் விளங்கும். மேலுடம்பைத் திறந்து நிற்பது அச்சமூகத்தில் மரியாதையின் அடையாளமாக இருந்தது. நம்பூதிரிப் பிராமணரின் முன் உயர்சாதியாரான நாயரும், தெய்வத்தின் முன் நம்பூதிரியும் மேல்துணியை நீக்கினர். அப்பகுதிக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் இன்றும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்கிறார்கள் என்பது அந்தப் பழைய முறையின் எச்சமே. ஆனால் நாயர் பெண் தனக்கு மேலானவர் முன்னிலையில் மட்டும் சற்று நேரம் நீக்க வேண்டியிருந்த துணியைப் பனையேறியின் மனைவி வாழ்நாள் முழுவதும் போடவே கூடாது என்று ஆனபோது, மரியாதைக் குறி என்பது இழிவின் முத்திரையாகவே மாறிவிட்டது. தீண்டாமையோடு, இன்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற தூரத் தீட்டும் நிலவிய நாடு அது. எதிரே வருபவர் யாரென்று தொலைவிலேயே தெரிந்தால்தான் அப்படிப்பட்ட ஒழுங்கு நடைமுறையில் நிற்கும். அதைத் தெரிவிக்கும் வேலையைத் தோளில் துணி கிடந்ததும் கிடக்காததும் செய்தன.

1806-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய இலண்டன் மிஷன் பணி, 1818-இல் வந்த மிஷனரி சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு வளர்ந்தபோது நாடார்கள் பெருந்தொகையாகக் கிறித்தவம் தழுவினர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, பிரிட்டிஷாரின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும், சிறிது காலம் அரசின் தலைமை அமைச்சரான திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், மதம் மாறிய பெண்கள் சிரியன் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று 1814-இல் ஆணை பிறந்திருந்தது. குப்பாயம் என்பது குட்டைக் கையோடு தளர்வாகத் தைத்த மேற்சட்டை. மிஷனரிமாரின் மனைவியர் பெண்களுக்குப் பள்ளி நடத்தித் தையலும், அப்பகுதியில் ரேந்தை என்று வழங்கும் பின்னல் வேலையும் கற்பித்ததால், துணியும் ஊசியும் கைக்காசும் அப்பெண்களுக்கு ஒருசேரக் கிடைத்தன. மறைப்பதற்குச் சட்டை கிடைத்துவிட்டது என்பதால் சிக்கல் தீர்ந்தது என்று அதிகாரிகள் எண்ணினார்கள்.

ஆனால் பெண்கள் சட்டையோடு நிற்கவில்லை. சட்டையின் மேலே, உயர்சாதிப் பெண்கள் போடுவது போலவே, நீண்ட தனித் துணி ஒன்றை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து தோளில் போட்டுக்கொண்டார்கள். தோள்சீலை என்பது இதுதான். மறைப்பு என்ற அளவில் இத்துணியால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. சட்டையே மேலுடம்பை முழுதும் மூடியிருந்தது. ஆகவே அந்த மேல்துணி எதற்காகப் போடப்பட்டது என்பதில் போட்ட பெண்களுக்கும் ஐயம் இல்லை, எதிர்த்தவர்களுக்கும் ஐயம் இல்லை. 1822-இல் கல்குளம் பகுதியில் தாக்குதல்கள் தொடங்கின. சந்தையிலும் பொது வழியிலும் பெண்களின் மேலாடையைப் பறித்துக் கிழித்தார்கள். பலர் கண்ணெதிரே சம உடையில் நடந்ததற்குப் பலர் கண்ணெதிரே தண்டனை தருவதே நோக்கம் என்பதால், சந்தை தற்செயலாக வாய்த்த இடமாகத் தோன்றவில்லை. 1827-க்குப் பின் கலவரம் மீண்டும் மூண்டு, பள்ளிகளும் சபைக் கட்டடங்களும் தீக்கிரையாயின.

1829 பிப்ரவரியில் வெளியான அரசப் பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தெளிவாக மறுத்தது. அதே பிரகடனம் ஊழியத்தைப் பற்றியும் பேசியது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. கிறித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் அதைச் செய்தே ஆக வேண்டும் என்று பிரகடனம் வலியுறுத்தியது. ஒரு துணித்துண்டின் மீது இத்தனை சினம் ஏன் பாய்ந்தது என்ற கேள்விக்கு இந்தச் சேர்க்கையிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது. இன்னாரைக் கூலியில்லாமல் வேலைக்கு இழுக்கலாம், இன்னாரை இழுக்க முடியாது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டியிருந்த ஆட்சியில், ஒரே மாதிரி உடுத்திய இருவரில் யாரைப் பிடித்துச் செல்வது என்ற குழப்பம் வேலைக்கே உலை வைப்பதாக இருந்தது.

இப்போராட்டத்தை மிஷனரிகள் தந்த கொடையாகவே எழுதும் வழக்கம் உண்டு. அவர்களுடைய பள்ளியும் மனுக்களும் பெரிதும் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மதம் மாறாத மக்களிடமும் இதே வேட்கை இருந்தது என்பதை மறைக்கும் எந்த வரலாறும் குறையுடையதே. சாமித்தோப்பில் சமயச் சீர்திருத்தத் தலைவர் அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் செய்தார். தலையில் துணி கட்டுவது உயர்ந்தோர்க்கே உரியது என்றிருந்த காலத்தில், தெய்வத்தின் முன்னாலேயே தலை நிமிர்ந்து நிற்கக் கற்பித்த அச்செயல் தோள்சீலைக்கு நிகரான துணிவு.

1858 நவம்பரில் சமயத்தால் யாருக்கும் பாகுபாடு இல்லை என்று உறுதியளித்த விக்டோரியா அரசியின் பிரகடனம் வெளிவந்ததும், இனி எல்லாரும் விரும்பியபடி உடுத்தலாம் என்ற நம்பிக்கை பரவியது. அடுத்த சில வாரங்களில் கலவரமும் மிகக் கடுமையாக வெடித்தது. திவான் டி. மாதவராவ் டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பு பழைய தடையையே நினைவூட்டியது. சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் தலையிட்டு அழுத்தம் கொடுத்த பிறகே, 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய பிரகடனம் வெளியிட்டார். கிறித்தவ நாடார் பெண்களைப் போல எல்லா மதத்து நாடார் பெண்களும் சட்டை அணியலாம். முக்குவர் எனப்படும் மீனவச் சமூகப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது என்றது அப்பிரகடனம்.

வெற்றி என்று கொண்டாடப்படும் இந்த ஆணையின் கடைசி விதிவிலக்கில்தான் அதன் உயிர் இருந்தது. மறைப்பதற்கு இத்தனை வழிகளைத் திறந்துவிட்ட அரசு, ஒத்த தோற்றத்துக்கான ஒரே வழியை மட்டும் அடைத்து வைத்தது. துணியின் முரட்டுத்தன்மையைக்கூடப் பெயர் சொல்லிக் குறித்தது, மெல்லிய துணி கண்ணுக்கு வேறொரு தரத்தைச் சொல்லிவிடும் என்பதால். நாற்பது ஆண்டு அடியும் தீயும் தாங்கிய பெண்களுக்கு இதை முழு நீதி என்று சொல்லத் துணிவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

திருவிதாங்கூரின் பிற பகுதிகளில் இதே கதை வேறு பொருள்களில் தொடர்ந்தது. 1893-இல், ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தின் தலைவர் அய்யங்காளி, அச்சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்த வில்வண்டி என்னும் மாட்டுவண்டியில் ஏறி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகப் பொதுச்சாலையில் பயணம் செய்தார். 1915-இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் எழுந்த கிளர்ச்சியின் முடிவில், அடிமைக் குறியாகக் கழுத்தில் சுமந்துவந்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் பொதுக்கூட்டத்தில் அறுத்தெறிந்தார்கள். தோள்சீலை மீதான விதிவிலக்கோ நடைமுறையில் தானாகவே தேய்ந்தது. தையல் கடைகள் பெருகி, பள்ளி சென்ற நாயர் பெண்களும் நாளடைவில் சட்டையை ஏற்றுக்கொண்டார்கள். கீழோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கென அரசு ஒதுக்கித் தந்த அதே தைத்த மேற்சட்டை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அந்நாட்டுப் பெண்கள் எல்லாரின் உடையாகப் பரவிற்று.