அச்சுக்குப் போக முன் ஆட்களிடம் காட்டுங்கள்: தீவகத்துக்கான மிதிவெடி எச்சரிக்கைப் படங்கள்

சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு. வடக்கில் வளர்ந்த பல பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க முன்பே தெரிந்த படம் அது. ஆனால் அதன் பொருள் தானாக விளங்கியதல்ல. ஊர் சொல்லிச் சொல்லி விளங்கியது. புதிதாக ஒரு எச்சரிக்கைச் சுவரொட்டியோ முகநூல் விளம்பரப் படமோ செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. வெடிபொருள் அபாயக் கல்விக்கான சர்வதேச நியமம் 12.10, இத்தகைய படங்களைப் பரப்ப முன் உரிய மக்களிடம் காட்டிச் சோதிக்கச் சொல்கிறது. காசும் நாளும் குறையும்போது முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான் என்பது என் எண்ணம்.

1976இல் யுனிசெப்புக்காக டயானா ஃபசல், ஆனே ஹாலண்ட் ஆகியோர் நேபாளக் கிராமங்களில் செய்த ஆய்வு இன்றும் உதவும். ஒரே பொருளைப் பல பாணிகளில் காட்டினார்கள். பின்னணியோடு இருந்த புகைப்படத்தைவிட, பின்னணி நீக்கிய படத்தையும் நிழல் தீட்டிய வரைபடத்தையும் கூடுதலானோர் அடையாளம் கண்டார்கள். படம் பார்ப்பதும் வாசிப்பைப் போலப் பழகி வருவதுதான்.

சோதனைக்கு இரண்டு மூன்று மாதிரிகள் போதும். அவற்றுக்குள் ஒரு விடயம் மட்டும் வேறுபடட்டும். அளவும் தாளும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று வர்ணத்திலும் மற்றது பென்சிலிலும் இருந்தால் வர்ணம்தான் வெல்லும். எல்லாவற்றையும் பென்சிலிலேயே கொண்டுபோவதையே நான் விரும்புவேன். பளபளப்பான படத்தில் குறை சொல்ல ஆட்கள் கூச்சப்படுவார்கள். நிறுவன இலச்சினையையும் எடுத்துவிடுங்கள். உதவிகளை நம்பி வருடக்கணக்கில் இருந்த மக்கள், இலச்சினையைப் பார்த்து மரியாதைக்குத்தான் பதில் சொல்வார்கள்.

இடமும் முக்கியம். நெடுந்தீவில் காணிகளைப் பிரிப்பது பவளக் கல் மதில்கள். வாய்க்காலும் வயலும் வரைந்த படத்தை அங்கே காட்டினால், "இது வன்னிக்குரியது" என்று அவர்கள் தள்ளிவைக்கக்கூடும். நயினாதீவில் நாகபூஷணி அம்மனிடமும் நாகதீப விகாரைக்கும் வருகிற யாத்திரிகர்கள் வேறு பார்வையாளர்கள். அவர்களிடம் தனியாகச் சோதிக்கவேண்டும். கால் சிதைந்த பிள்ளையின் படம் எங்குமே வேண்டாம். பார்ப்பவரே காலை இழந்தவராக இருக்கலாம்.

எழுத்தைத் தாளால் மறைத்துவிட்டுப் படத்தை நீட்டுங்கள். "விளங்குதா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். "இதில என்ன தெரியுது? இந்த ஆள் என்ன செய்யிறார்? நீங்கள் என்றால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டு, சொன்ன சொல்லையே எழுதுங்கள். பழைய இரும்பு பொறுக்கும் பையனைக் காட்டி எச்சரிக்க நினைத்த படம், இரும்பு வாங்குகிறார்கள் என்ற விளம்பரமாகத் தெரியலாம். அதை அச்சடித்த பிறகு அறிவது ஆபத்து.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருப்பவர்களுக்கு நேரம் இருக்கும், ஆனால் ஒருவர் பதில் எல்லோர் காதிலும் விழும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்கள் அதையே சொல்வார்கள். ஆகவே ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். போர் நினைவு கிளறப்பட்டு ஒருவர் பேச்சை நிறுத்தினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

திருத்திய படத்தை வேறு ஆட்களிடம் காட்டவேண்டும். முதல் முறை பார்த்தவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும்.