மலையிலிருந்து மன்றத்துக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்றிசை நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் தெரியும். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கிப் பழகிய கால்கள் அம்மலைப் பிள்ளைகளுக்கு. அவர்கள் பந்து உதைத்து ஆடக் காணும்போதெல்லாம் வேறொரு மலையின் மைந்தர் நம் நினைவுக்கு வருகிறார். சிக்கிமின் திங்கிதாம் என்னும் சிற்றூரில், 1976 டிசம்பர் 15இல், உழவர் குடும்பத்தில் பிறந்த பாய்ச்சுங் பூட்டியாவே அவர்.

1993இல், பதினாறாம் வயதில், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1997 ஜூலை 13இல் மோகன் பகானுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தபோது அரங்கில் திரண்டிருந்தோர் ஏறத்தாழ 1,31,000 பேர். 1999இல் இங்கிலாந்தின் பரி கழகம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. (1936இலேயே ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காகக் காலணியின்றி ஆடிய கல்கத்தா வீரர் முகம்மது சலீமை இங்கே மறத்தல் தகாது.) இந்திய அணிக்குத் தலைமையேற்று 2007, 2009ஆம் ஆண்டுகளில் நேரு கோப்பையையும் வென்றார்.

2010இல் தம் பெயரால் பந்தாட்டப் பள்ளிகளை நிறுவினார். கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் தொழில்தான். கற்பித்தே ஊதியம் பெறும் நாம் அதனைக் குறை கூறோம். கழகம் நடத்துவதோ கடினமாயிற்று. அவர் பங்கேற்று உருவாக்கிய யுனைடெட் சிக்கிம், 2012இல் ஐ-லீக் போட்டிக்கு உயர்ந்து, அடுத்த பருவத்திலேயே கீழிறங்கிற்று.

அரபியில் தலைவரை ‘ரஈஸ்’ என்பர். தலையைக் குறிக்கும் ‘ரஅஸ்’ என்னும் சொல்லின் வழி வந்தது. காலால் உயர்ந்தவர் தலைமைக்கு உயர்தல் எளிதன்று என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தேர்தலில் முன்னாள் ஆட்டக்காரர் 36 பேரும் வாக்களிக்க உச்ச நீதிமன்றம் முதலில் வழி வகுத்தது. தனிமனிதர் வாக்களிப்பதை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ஏற்கவில்லை. வெளியார் தலையீடு எனக் கூறி, ஆகஸ்டு நடுவில் இந்தியாவைத் தடையும் செய்தது. நீதிமன்றம் தன் ஆணையை மாற்றியது, ஆட்டக்காரர் வாக்கு நீங்கிற்று, தடையும் நீங்கிற்று. சம்மேளனம் சங்கங்களின் கூட்டமைப்பு என்பது முறையான வாதமே. ஆயினும் வியர்வை சிந்தியவர்க்கு அங்கே ஒரு வாக்குக்கூட இல்லையெனில், அந்த முறைமை நம் உள்ளத்துக்கு ஒப்பவில்லை.

செப்டம்பர் 2இல் தேர்தல் நடந்தது. பூட்டியாவை எதிர்த்த கல்யாண் சௌபேயும் முன்னாள் கோல்காப்பாளரே என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. சௌபேக்கு 33 வாக்குகள். பூட்டியாவின் பெயரை ஒரு மாநிலச் சங்கம் முன்மொழிந்தது; மற்றொன்று வழிமொழிந்தது. அவருக்கு விழுந்த வாக்கு ஒன்றே! வாக்கெடுப்பு இரகசியமானது, பின்வாங்கியவர் யாரென ஆராய்வது நமக்கு வேலையன்று.

பின்னர் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆட்டக்காரர் உறுப்பினருள் ஒருவராக அவர் அமர்ந்தார்.