ஒக்டோபர் 30: ஒரு நாள், இரு நிகழ்ச்சிகள்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் 1776 யூலை 4 இல் ஏற்கப்பட்டது. அதனை வரைந்த ஜெபர்சனும் அதற்காக வாதாடிய அடம்சும் 1826 இல் அதே நாளில் மறைந்தனர். மலையக வரலாற்றில் அத்தகைய நாள் ஒக்டோபர் 30 ஆகும்.

1964 இல் அந்நாளில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றோர் 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; 150,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டது. பொகவந்தலாவை முதலாய தோட்டங்களில் உழைத்தோரின் விருப்பம் வினவப்படவில்லை. இதனைக் கண்டித்த சௌமியமூர்த்தி தொண்டமான் 1999 இல் அதே நாளில் காலமானார். அன்றும் நாடற்றோர் எஞ்சியிருந்தனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டமே அவர்க்கு வழி திறந்தது.

நாள் ஒத்தமை தற்செயலே. ஆயினும் மக்களை வெறும் எண்ணாகக் கருதிய உடன்படிக்கை, 35 ஆண்டுகளிலும் முற்றுப்பெறவில்லை என்பதை அது உணர்த்துகின்றது.