வெகுளியும் நெஞ்சமும்: மாத்தளை மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவை அண்டிய பாறைகளிடையே அமைந்திருப்பது அலுவிகாரை. வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவென மரபு கூறும். மகாவம்சம் எழுதப்பட்ட செய்தியை மட்டுமே தருகின்றது. மாத்தளையைச் சுட்டுவது 14 ஆம் நூற்றாண்டுச் சிங்கள நூலாகிய நிகாய சங்கிரகமாகும். அவ்வேடுகள் எழுந்த காலம் போரும் பஞ்சமும் சினமும் மிக்க காலமாகும். எனவே, கோபமும் மனச்சோர்வும் இதயத்தை எவ்வாறு தாக்குகின்றன, அவற்றைத் தணிக்கும் வழிகள் யாவை என்னும் ஆராய்ச்சியை இம்மலையடிவாரத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

ஏடுகள் எழுதப்பட்டபோது ஆட்சிபுரிந்தவன் வட்டகாமணி அபயன். அவன் ஆட்சியேறிய சில மாதங்களில், கி.மு. 103 அளவில், தமிழகத்திலிருந்து வந்த படைத்தலைவர்களிடம் தோற்று மலைநாட்டிற் கரந்துறைந்தான். ஐந்து தமிழ் மன்னர் அடுத்தடுத்து அனுராதபுரத்திலிருந்து ஆண்டனர். இவ்வரசன் வரலாற்றில் இருவகைச் சினத்தை மகாவம்சம் பதிவுசெய்துள்ளது. தோற்றோடியபோது தன்னை ஏளனஞ் செய்த கிரி என்ற சமணத் துறவியின் சொல்லை அவன் 14 ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தான். அரசை மீட்டதும் அச்சமணப் பள்ளியை அழித்து அவ்விடத்தில் அபயகிரி விகாரையை எழுப்பினான். இது ஆறாது புகைந்த சினம். கரந்துறைந்த காலத்தில் தனக்குத் துணைநின்ற கபிசீசன் என்னும் வீரனை ஒரு கணத்து வெகுளியாற் கொன்றான். இது வெடித்தெழுந்த சினம். அதனாற் சினமுற்ற ஏனைய எழுவரும் அரசனைக் கைவிட்டு அகன்றனர்.

இவர்களை மீட்டவர் திஸ்ஸர் என்ற தேரர். வழியிற் கள்வரிடம் பொருளிழந்து வந்தவர்களுக்கு அவர் முதலில் உடையும் உணவும் அளித்தார். பின்னரே நடந்தவற்றைக் கேட்டறிந்தார். சினத்தை மறந்துவிடுமாறு அவர் அறிவுறுத்தவில்லை. புத்த சாசனத்தை வளர்த்தல் யாரால் நிறைவேறும் என்று மட்டும் வினவினார். அவர்களே விடை கண்டனர். அரசனோடு மீண்டும் இணைக்கப்பட்டனர். சினந்தணிக்கும் கலையில் இந்நிகழ்ச்சி தனியிடம் பெறத்தக்கது.

5 ஆம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையிலிருந்து விசுத்திமக்கம் என்னும் பெருநூலை இயற்றிய புத்தகோசர், காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவராக அறியப்படுபவர். அலுவிகாரைக் குகையொன்றில் அவருக்குச் சிலையுண்டு. இதயத்தினுள் அரைக் கையளவு குருதி இருப்பதாகவும், அது வெகுளி மிக்க இயல்பினரிடம் கருமை நிறம் பெறுவதாகவும் அந்நூல் கூறுகின்றது. உடற்கூற்றியலால் இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் சினத்தின் வடு நெஞ்சிலேயே பதிகின்றது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தமைக்கு இது சான்றாகும். தமிழில் நெஞ்சு என்ற சொல் உறுப்பையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. சினந் தணிய அந்நூல் பல வழிகளைத் தருகின்றது. பிறர்மீது எறிய எரிதணலைக் கையிலெடுப்பவன் முதலில் தானே சுடப்படுவான் என எண்ணுதல், பகைவனிடத்துள்ள ஒரு நற்குணத்தையேனும் நினைத்தல், அவனுக்கு ஒரு பொருளை ஈதல் என்பன அவற்றுட் சில.

மேலைநாட்டு மருத்துவம் இவ்வுறவை வேறு வழியால் அணுகிற்று. குருதிச் சுற்றோட்டத்தை 1628 இல் விளக்கிய வில்லியம் ஹார்வி, உள்ளத்தின் இன்பதுன்பங்கள் இதயத்தை எட்டுவதையும் குறித்தார். இலண்டன் அறுவை மருத்துவர் ஜோன் ஹன்ரர் தீராத நெஞ்சுவலியுடையவர். தம்மைச் சினமூட்டுவோர் எவராயினும் அவர் கையில் தம் உயிர் உள்ளதெனக் கூறிவந்தவர். 1793 இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தையடுத்து அவர் உயிர்நீத்தார்.

சினமெழுங்கால் அதிரினலின் முதலிய சுரப்புகள் குருதியிற் கலந்து நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் உயர்த்துகின்றன. குருதி உறையும் தன்மையும் மிகுகின்றது. முன்னரே குறுகிய நாடிகளை உடையோருக்கு இது ஆபத்தாகின்றது. மாரடைப்புற்ற 1,600 க்கு மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நிகழ்ந்து 1995 இல் வெளியான ஆய்வு, கடுஞ்சினத்தை அடுத்த இரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு இருமடங்குக்குமேல் உயர்வதைக் காட்டிற்று. புகைந்து தங்கும் துயரும் இதற்குக் குறைந்ததன்று. மாரடைப்புக்குப்பின் மனச்சோர்வுற்றோர் அடுத்த ஆறு மாதங்களில் இறக்கும் வாய்ப்பு மிகுதி என 1993 இல் மொன்றியல் ஆய்வு கண்டது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நிகழ்ந்து 2004 இல் வெளியான ஆய்வும், புகைத்தல், உயர் குருதியமுக்கம் முதலியவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்பின் ஏதுக்களுள் ஒன்றாக வைத்தது.

தணிக்கும் வழிகளும் ஆராயப்பட்டுள்ளன. கழுத்து வழியே இதயத்தை அடையும் அலையும் நரம்பைத் தூண்டினால் துடிப்புத் தளரும் என வேபர் உடன்பிறப்புகள் 1845 இல் நிறுவினர். செபமாலை வேண்டலும் மந்திர உச்சாடனமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறளவுக்குத் தாழ்த்தி இதய ஒழுங்கைச் சீர்செய்தமையை இத்தாலிய ஆய்வொன்று 2001 இல் காட்டிற்று. எனினும் இவற்றை மிகைப்படுத்தலாகாது. மாரடைப்புற்ற ஏறத்தாழ 2,500 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஆராயப்பட்ட உளச்சிகிச்சை மனச்சோர்வைத் தணித்ததேயன்றி, இறப்பையோ மறுமாரடைப்பையோ குறைக்கவில்லை என்பது 2003 இல் வெளியாயிற்று. ஆகவே மனச்சோர்வு தன்னளவிலேயே மருத்துவம் வேண்டும் நோய். இதய நோயாளர் மருந்தை விடுத்து மூச்சுப்பயிற்சியை மட்டும் நம்புதல் தவறாகும்.

இன்னொரு வரம்பும் உண்டு. 1848 இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தால் அதனை அடக்கிற்று. அலுவிகாரையின் நூலகமும் அப்போது அழிவுற்றது. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்த தமிழ்த் தொழிலாளருட் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் 1948 இல் குடியுரிமை இழந்தனர்; 1964 ஒப்பந்தத்தாற் குடும்பங்கள் பிரிந்தன; 1983 ஜூலையில் மாத்தளை நகரிலே தமிழர் உடைமைகள் எரிந்தன. இத்தகையோரிடம் ஆறுதல் கூறாது, சினங்கொள்ளற்க என்று மட்டும் போதித்தல் அறமாகாது.

அடக்கிய சினம் துயராகி நெஞ்சை அரிக்கும். வெடித்த சினம் கபிசீசனைப் போன்ற துணைவரை இழப்பிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் திஸ்ஸ தேரர் காட்டினார். முதலில் பசி தீர்த்தல். அடுத்துக் குறை கேட்டல். அதன்பின் சிந்திக்கத் தூண்டுதல் என்பதே அவ்வொழுங்கு. மூச்சையடக்கிச் சினத்தை ஆற்றுதல் தனிமனிதன் கடன். சினத்துக்கு ஏதுவான குறையை ஆற்றுதல் சமுதாயத்தின் கடன். இரண்டும் ஒருங்கே நிகழுமிடத்தே நெஞ்சம் நலம்பெறும்.