ஊர் சிரித்தது: 'இட்' நாவலின் மறுவாசிப்பு

ஸ்டீபன் கிங்கின் 'இட்' 1986 செப்டம்பரில் வெளிவந்தது. ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டும் அந்த நாவலை முதன்முறை படிப்பவரின் மனத்தில் தங்குவது, சாக்கடைத் திறப்புக்குள்ளிருந்து சிறுவனிடம் பேசும் கோமாளிதான். மறுவாசிப்பில் கோமாளி பின்னகர, ஊர் முன்னே வருகிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கிங் கற்பனை செய்த டெர்ரி என்னும் சிற்றூரில், ஏறக்குறைய 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். சில காலத்தில் ஊர் அதை மறந்துவிடுகிறது. அச்சம் தருவது கொலைகளைவிட அந்த மறதியே.

டெர்ரியின் வரைபடம் பெரும்பாலும் கிங் வாழ்ந்த பாங்கோர் நகரத்தினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரவணிகத்தால் செழித்து, பின்னர் தளர்ந்த நகரம் அது. நகரின் நடுவே ஓடும் கென்டஸ்கீக் ஓடை நாவலிலும் அதே பெயருடன் ஓடுகிறது. நாவலை 1981 செப்டம்பரில் பாங்கோரில் தொடங்கி, 1985 டிசம்பரில் அங்கேயே முடித்ததாகக் கிங் இறுதிப் பக்கத்தில் குறிக்கிறார். நிலத்தை மட்டுமன்றி, அந்நகரின் வரலாற்றையும் அவர் எடுத்துக்கொண்டார். எடுத்ததில் எதை மாற்றினார் என்பதில்தான் நாவலின் உட்பொருள் இருக்கிறது.

1937 அக்டோபர் 12 அன்று, துப்பாக்கி வாங்குவதற்காகப் பாங்கோரின் கடைத்தெருவுக்கு வந்த ஆல் பிரேடி என்னும் கொள்ளைக்காரனையும் அவன் கூட்டாளி ஒருவனையும் மத்தியப் புலனாய்வுத் துறையினர் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றனர். கடைக்காரர் முன்கூட்டியே காவல்துறைக்குத் தகவல் தந்திருந்தார். நாவலில் இது 1929இல் நிகழும் பிராட்லி கும்பலின் கதையாகிறது. ஆனால் அங்கே சுடுபவர்கள் அரசின் ஆட்கள் அல்லர். கடைக்காரர்களும் எழுத்தர்களும் குடும்பஸ்தர்களுமான ஊர்மக்கள். பின்னாளில் கேட்டால், அன்று ஊரிலேயே இல்லை என்கிறார்கள் பலர். வரலாற்றில் அரசு ஏந்திய துப்பாக்கியைக் கிங் ஊராரின் கையில் கொடுத்தார்.

'பிளாக் ஸ்பாட்' தீவிபத்துப் பகுதியும் அத்தகையது. கறுப்பினப் படைவீரர்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட கேளிக்கை விடுதியை, வெள்ளையர் அமைப்பொன்று ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கொளுத்துகிறது. அந்த அமைப்பு கற்பனை. அதன் வேர் கற்பனையன்று. 1920களில் கு கிளக்ஸ் கிளான் மேய்னில் வலுவாகக் காலூன்றியிருந்தது. அங்கே அதன் முதன்மை இலக்கு, ஆலைகளில் உழைத்த பிரெஞ்சு வம்சாவளிக் கத்தோலிக்கர்கள். 1924இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓவன் புரூஸ்டருக்குக் கிளானின் ஆதரவு இருந்தது. இனவெறி தெற்கு மாநிலங்களின் நோய் என்று வடக்கு தன்னைத் தேற்றிக்கொண்ட காலத்தின் கதை இது.

மூன்றாவது நிகழ்வு, நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே நடந்தது. 1984 ஜூலை 7 இரவு, சார்லி ஹாவர்ட் என்னும் 23 வயது இளைஞரை, அவர் தன்பாலீர்ப்பினர் என்பதற்காக, மூன்று பதின்பருவத்தினர் விரட்டிப் பிடித்துப் பாலத்தின் மேலிருந்து கென்டஸ்கீக் ஓடையில் தூக்கியெறிந்தனர். ஆஸ்துமா நோயாளியான அவர் நீரில் மூழ்கி இறந்தார். நாவலில் அதே ஆண்டு, அதே மாதம், ஏட்ரியன் மெலன் என்பவர் அவ்வாறே பாலத்திலிருந்து வீசப்படுகிறார். இம்முறை கிங் சேர்த்தது பாலத்தின் அடியில் காத்திருக்கும் கோமாளியை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. மனிதர் செய்த கொலைக்குள் ஒரு பூதத்தைக் கொண்டுவந்தால், மனிதரின் பழி குறைந்துவிடாதா? 'எங்களை அது ஆட்டிவைத்தது' என்று டெர்ரி தப்பித்துக்கொள்ளலாமே?

விடை தலைப்பிலேயே இருக்கிறது. 'இட்' என்றால் 'அது'. தமிழ் இலக்கணத்தில் 'ஊர் சிரித்தது' என்பது இடவாகுபெயருக்குப் பழகிய எடுத்துக்காட்டு. சிரித்தவர்கள் மனிதர்கள், ஆனால் வினைமுற்று அஃறிணை. ஊரார் ஊராகும் கணத்தில், 'அவர்கள்' மறைந்து 'அது' மிஞ்சுகிறது. பெயர் சொல்லிக் கேட்க ஒருவரும் இல்லை. டெர்ரியில் நிகழ்வது இந்தத் திணைமாற்றமே. பெவர்லி என்னும் சிறுமியை முரடர்கள் தெருவில் துன்புறுத்துகிறார்கள். அதைப் பார்த்த முதியவர் ஒருவர் எழுந்து, செய்தித்தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறார். அந்தக் காட்சியில் கோமாளிக்கு வேலையே இல்லை. கோமாளி ஊரைக் கெடுத்தது என்பதைவிட, இத்தகைய ஊரில்தான் கோமாளி இத்தனை காலம் பசியின்றி வாழ முடிந்தது என்பதே பொருந்தும்.

ஆகவே நாவலின் நாயகன், கவண்கல்லுடன் போரிடும் சிறுவர்களைக் காட்டிலும், மைக் ஹான்லன் என்னும் நூலகர்தான். நண்பர்கள் எழுவரில் அறுவர் ஊரைவிட்டுச் சென்று செல்வமும் புகழும் பெற்றனர். தங்கள் குழந்தைப்பருவத்தையே மறந்தனர். கறுப்பினத்தவரான மைக் மட்டும் தங்கினார், நினைவைச் சுமந்தார். நாவலின் இடையிடையே வரும் 'டெர்ரி' என்னும் ஐந்து இடைப்பகுதிகள் அவருடைய குறிப்பேடு. முதியவர்களைத் தேடிச் சென்று வாய்மொழி கேட்கிறார், தேதிகளை ஒப்பிடுகிறார், யார் சுட்டார், யார் கொளுத்தினார் என்று பெயர் பெயராக எழுதுகிறார். அஃறிணையாகிப்போன வினைகளுக்கு எழுவாய்களை மீட்டுத் தருகிறார். வரலாற்றாய்வு செய்வதும் இதைத்தான்.

எனினும் கிங் எளிய ஆறுதல் தரவில்லை. 'அது' அழிந்த பின், மைக்கின் குறிப்பேட்டில் நண்பர்களின் பெயர்களும் முகவரிகளும் மெல்ல மங்குகின்றன. எழுதிவைத்தால் மட்டும் போதாது. எழுதியதை யாராவது திரும்பத் திரும்பப் படிக்கவும் வேண்டும்.

பாங்கோர் அவ்வகையில் டெர்ரியைவிடச் சற்றே நல்ல ஊர். ஹாவர்டின் கொலைக்குப் பிறகு, அதே 1984இல், மேய்னில் தன்பாலீர்ப்பினர் உரிமைக்கான மாநில அமைப்பு உருவானது. பின்னாளில் கென்டஸ்கீக் ஓடைக்கரையில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அந்தக் கல்லில் இருக்கும் பெயர் மங்காதிருக்க வேண்டுமானால், அந்த வழியே நடப்பவர்கள் நின்று அதைப் படிக்க வேண்டும்.