சேமிப்புக் கணக்குக்கு யார் பொறுப்பு? வீட்டுக் கூரைச் சூரிய மின்விற்பனையும் நுகர்வோர் சட்டமும்

வீட்டுக் கூரைக்குச் சூரிய மின்தகடு வாங்குபவர், வரப்போகும் 25 ஆண்டுகளின் மின்கட்டணத்தைப் பற்றி விற்பனையாளர் போட்டுக் காட்டும் கணக்கை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். அந்தக் கணக்கை ஒப்பந்தத்தின் பகுதியாகவே சட்டம் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு ரூ.78,000 மானியம் தருகிறது. மானியம் வேண்டுமானால் பதிவுபெற்ற நிறுவனத்தின் வழியாகவே பொருத்த வேண்டும். தகடு உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். 5 ஆண்டுப் பராமரிப்பையும் அந்நிறுவனமே ஏற்க வேண்டும். பொருளுக்கும் பணிக்கும் இத்தனை விதிகள் இருந்தும், வாங்கும் முடிவைத் தீர்மானிக்கிற சேமிப்புத் தொகையை எப்படிக் கணக்கிட்டுச் சொல்வது என்பதற்கு ஒரு வரையறை இல்லை.

இதன் விளைவைத் தமிழ்நாட்டுக் கட்டணப் பட்டியலைக் கொண்டே காட்டலாம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரு மாதங்களில் 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.25 வீதமும், மீதி 200 யூனிட்டுக்கு ரூ.4.50 வீதமும் சேர்த்துக் கட்டணம் ரூ.1,125 ஆனது. இதே வீட்டுக்கு யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று சராசரி வைத்துப் பெருக்கினால் ரூ.2,400 மிச்சம் என்று வரும். மானியம் போக வீட்டுக்காரர் ரூ.1,10,000 போடுகிறார் என்று கொள்வோம். சராசரிக் கணக்கில் போட்ட பணம் எட்டு ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. படிநிலைக் கட்டணப்படி, உபரி மின்சாரத்துக்குக் கிடைக்கும் தொகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். தகட்டில் குறையில்லை, பொருத்தியதில் பிழையில்லை. ஆனாலும் வாங்கியவர் ஏமாந்திருக்கிறார். கடன் வாங்கிப் பொருத்தியவராக இருந்தால், தவணை மின்கட்டண மிச்சத்தைத் தாண்டி நிற்கும் ஒவ்வொரு மாதமும் அந்த ஏமாற்றத்தின் விலையைக் கட்டிக்கொண்டிருப்பார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்குப் போதும் என்பது முதல் மறுப்பு. போதிய சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவதை நேர்மையற்ற வணிகமுறை என்று அச்சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் வாய்ச்சொல்லாகவோ கைபேசித் திரையிலோ காட்டப்பட்ட கணக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மெய்ப்பிப்பது எப்படி? புகார் தர 69ஆம் பிரிவு தரும் அவகாசமும் இரண்டே ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம் என்றாலும், அது ஆணையத்தின் விருப்புரிமையே தவிர வாங்கியவரின் உரிமையாகாது. கால் நூற்றாண்டுக்கான வாக்குறுதி பொய்த்தது தெரியவரும் வேகத்தோடு இந்த அவகாசம் பொருந்தவில்லை. பொருளின் குறையை மையமாக வைத்து வளர்ந்த சட்டம், கணிப்பின் குறையை எட்டிப்பிடிக்கத் திணறுகிறது.

வெயிலை யார் உறுதிசெய்ய முடியும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆகவே உற்பத்திக்கு உத்தரவாதம் கேட்பது முறையாகாது. கேட்க வேண்டியது அனுமானங்களை: வீட்டின் கடந்த ஓராண்டு மின்பயன்பாடு, படிநிலைவாரியாக மிச்சமாகும் தொகை, கூரையில் விழும் நிழல், ஆண்டுதோறும் குறையும் தகட்டின் திறன், உபரி மின்சாரத்துக்கான விலை. இவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, விற்பவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். கலிபோர்னியாவில் ஒப்பந்தத்துக்கு முன் வாடிக்கையாளர் கையில் சூரிய மின்சார நுகர்வோர் வழிகாட்டியைத் தந்தாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிட்டனில் வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு பொது உரிமை இல்லை.

இவையெல்லாம் சூரிய மின்பரவலைத் தாமதப்படுத்தும், சிறு நிறுவனங்களை நசுக்கும் என்பார்கள். 2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் 10 கிலோவாட் வரையான அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வையே தேவையற்றதாக்கிவிட்டன. மின்வாரியத்தின் பக்கம் மிச்சமான நாட்களில் சிலவற்றை, வாங்குபவர் யோசிக்க ஒதுக்குவதில் என்ன இழப்பு? நேர்மையாகக் கணக்குச் சொல்லும் சிறு நிறுவனம் இன்று மிகைபேசும் போட்டியாளரிடம்தான் வாடிக்கையாளரை இழக்கிறது. ஒரே படிவம் வந்தால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மானிய விண்ணப்பம் ஏற்கெனவே தேசிய இணையதளம் வழியாகத்தான் போகிறது. கையொப்பமிட்ட தாளை அதில் பதிவேற்றாமல் மானியம் விடுவிக்கப்படாது என்று ஒரு நிபந்தனை சேர்த்து, புகாருக்கான இரண்டு ஆண்டு, பொருத்திய பின் முழுதாக ஓராண்டின் மீட்டர் கணக்கு கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் என்று சட்டம் தெளிவுபடுத்தினால், ஆணையத்தின் முன் வைக்க வாங்கியவரிடம் ஒரு சான்றாவது இருக்கும்.