எட்டாவது நாய்

1877-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் எக் என்ற மருத்துவர் எட்டு நாய்களுக்கு ஓர் ஆபரேஷன் செய்தார். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைத் திருப்பி, நேராக இதயத்துக்குப் போகும் குழாயோடு சேர்த்துத் தைத்தார். ஏழு நாய்கள் ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. எட்டாவது இரண்டரை மாதம் இருந்துவிட்டு, ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடியே போய்விட்டது! (புத்திசாலி.)

நம்ம பேங்க் பாஷையில் சொன்னால், கல்லீரல் ஒரு க்ளியரிங் ஹவுஸ். குடலிலிருந்து வருவதெல்லாம் அங்கே சரிபார்த்த பிறகுதான் உடம்புக்குள் போகணும். அதைத் தாண்டி பைபாஸ் போட்டால்? 1893-ல் பாவ்லோவும் கூட்டாளிகளும் (ஆமாம், பள்ளியில் படித்தோமே, நாய்க்கு எச்சில் ஊறும் கதை, அவரேதான்) அதைக் கவனித்து எழுதினார்கள். இறைச்சி தின்றதும் அந்த நாய்கள் தள்ளாடின, வலிப்பு வந்தது, நினைவிழந்தன. புரதத்திலிருந்து வரும் அம்மோனியா, யூரியாவாக மாறாமல் அப்படியே மூளைக்குப் போனது முக்கியக் காரணம்.

என்னை உலுக்கியது வேறு. எக் கத்தியால் செய்ததைச் சில குட்டிகள் பிறவியிலேயே கொண்டுவருகின்றன! யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சின்ன ஜாதிகளில் அதிகம். ஃப்ளாட்டில் ராஜபாளையம் சரிப்படாது என்று நம்மவர்கள் தேடி வாங்குவதும் இவற்றைத்தானே? குட்டி சரியாக வளராது. சாப்பிட்டபின் சுவரை வெறித்துக்கொண்டு நிற்கும். மந்தமான குட்டி என்று விட்டுவிடுவோம்.

ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கிளப்பும். தப்புக் குழாய் எங்கே என்று காட்டாது. முன்பு வயிற்றைத் திறந்து, குடல் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது ஒரு படத்துக்கே சில நிமிடங்கள் பிடித்தன. ஊசிமருந்தோ வினாடிக்கணக்கில் கல்லீரலைக் கடந்துவிடும். நிற்காமல் சுழலும் ஸ்பைரல் சி.டி. 1990-ஐ ஒட்டி வந்த பிறகுதான் வழி பிறந்தது. இன்று நாயை மயக்கத்தில் படுக்கவைத்து, காலில் ஊசிபோட்டு, வயிறு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறார்கள்.

சின்ன ஜாதிகளில் பைபாஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரியவற்றில் உள்ளே, கைக்கு எட்டாத இடத்தில். வெளியே என்றால் அதைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுகிறார்கள். உள்ளே பால் புரதம். அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, சில வாரங்களில் குழாயை மெல்ல மூடும். ஒரேயடியாகக் கட்டினால் பல குட்டிகளின் கல்லீரல் அத்தனை ரத்தத்தைத் தாங்காது.